துனிக்குப் புனேயில் ஓர் இடம்

நான் புனேக்குப் போனது உப்பைப் பற்றிப் படிக்க. மட்டக்களப்பில் கடலோர வயல்களில் உப்பு ஏறி நெல் கருகிக்கொண்டிருந்த காலம். மண்ணில் உப்பை அளக்கும் புதுக் கருவியைப் பழகி வரும்படி எங்கள் பல்கலைக்கழகம் என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒரிசாவில் அந்தப் பெரும் சூறாவளி அடித்த வருஷம். நான் புனேயில் இறங்கி ஒரு வாரத்தில் அது அடித்தது.

இறங்கிய அன்று எனக்குப் பெரிய ஆச்சரியம், ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரு சோதனைச் சாவடியும் இல்லாததுதான். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் ரிக்‌ஷா நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். ஓட்டுநர் என்னை இறக்கிவிட்டு, பெட்டியோடு வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, டாங்கியின் அடியில் கிடந்த மிச்சச் சொட்டை வரவழைத்து மறுபடி ஓட்டினார். எங்கள் ஊரில் நடுத்தெருவில் இப்படி ஒரு வாகனத்தைக் கவிழ்த்தால் நாலு பக்கத்திலிருந்தும் துப்பாக்கி நீளும்.

அடுத்த நாள் குளிக்கச் சவர்க்காரம் வாங்கப் போனேன். மதியம் இரண்டு மணி. கடைக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தார், சவர்க்காரம் அவர் தலைக்கு மேலே இருந்தது, கதவு பாதி திறந்திருந்தது. "நாலு மணிக்கு வாங்க" என்றார். "கையை நீட்டினால் எடுக்கலாமே" என்றேன். "அதான் சொல்றேனே, நாலு மணிக்கு." புனேக்காரர்களின் மதிய ஓய்வைப் பற்றி விடுதியில் சொல்லிச் சிரித்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் சப்பாத்தி, பாஜி, பருப்பு எல்லாம் முடிந்த பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு கரண்டி சோறு வைத்தார்கள். சோற்றுக்கு ஏங்கிக் கிடந்த என்னைக் காப்பாற்றியவன் பிஜய்.

பிஜய், ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கருவியைப் பழக்கிய ஆராய்ச்சி மாணவன். ஒரிசாக் கடலோரக் கிராமத்தான். ஒல்லி, எதற்கெடுத்தாலும் சிரிப்பான். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவனும் உப்பைத்தான் ஆராய்ந்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போய்த் தன் அப்பாவின் வயலிலிருந்து மண் அள்ளி வந்து, மேசை முழுக்கப் போத்தல்களில் அடுக்கி வைத்திருந்தான். இரவுச் சோற்றில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்துச் சாப்பிடுவது அவன் வழக்கம். "பக்கால்" என்று பெயர் சொன்னான். எங்கள் பழஞ்சோறுதான். அதன் பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து ஊறப்போட்டான்.

சூறாவளிச் செய்தி முதலில் பத்திரிகையின் ஒரு மூலையில்தான் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது பக்கம் பக்கமாக வளர்ந்தது. பிஜய் வளாக வாசலில் இருந்த டெலிபோன் கடையை விட்டு நகரவில்லை. அவன் கிராமத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு மருந்துக்கடையில் போன் இருந்தது. அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தினான். "மணியே அடிக்கல சார்" என்றான். "மணி அடிச்சு யாரும் எடுக்கலன்னாக்கூடப் பரவாயில்ல." ஒரிசாப் பக்கம் போகும் ரயில்கள் எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன.

தீபாவளி விடுமுறை தொடங்கும் வாரம். பாதி விடுதி பெட்டி கட்டியிருந்தது. அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் அஸ்வினி என்ற மாணவி நாற்காலியில் ஏறி நின்றாள். சாத்தாரா ஊர்ப் பெண், பிஜயின் ஆய்வுக்கூடத்தில் எம்.எஸ்ஸி. படித்தாள், குரல் நல்ல கனம். மராத்தியில் பேசியதைப் பக்கத்திலிருந்தவன் எனக்குச் சொன்னான்: "வீட்டுக்குப் போறவங்க போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி பிஜய் முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

பலர் போகவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பூப்பந்து மண்டபத்தைத் திறந்து வேலையைத் தொடங்கினார்கள். நான் அப்படி ஒரு சுறுசுறுப்பை அதற்கு முன் பார்த்ததில்லை. பேராசிரியர்கள் ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் மூட்டை கட்டி வந்தார்கள். பக்கத்து ஔந்த் அடுக்குமாடிகளில் மாணவிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். துணி கேட்டுப் போனவர்களுக்கு வீட்டுப் பெண்கள் தீபாவளிப் பலகாரமாகச் சக்லியும் கரஞ்சியும் கட்டிக்கொடுத்தார்கள். மண்டபத்தில் ஒருபக்கம் துணி, ஒருபக்கம் அரிசி, தார்ப்பாய், மருந்து. நான் துணி மடித்துக் கட்டும் கூட்டத்தில் சேர்ந்தேன்.

ஊரின் மறுகோடியில், வானவடியில் ராணுவக் குடும்பங்கள் கம்பளிப் போர்வைகள் சேர்த்து வைத்திருந்தன. அதை ஏற்றிவரப் போன டெம்போவில் நானும் போனேன். திரும்பும்போது ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் நூறு ஸ்கூட்டர்கள் ஹார்ன் அடித்தன. அஸ்வினி இறங்கிப்போய் அவர்களிடம் ஏதோ கத்தினாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர்க்காரர்களே பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு மூட்டைகூடத் தவறவில்லை. இவர்களால் எதுவும் முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ரயில் ஓடத் தொடங்கிய முதல் நாளே பிஜய் கிளம்பிவிட்டான். மருந்து, அவல் சிவுடா, டார்ச் என்று ஆளாளுக்கு அவன் பையில் திணித்தார்கள். எங்கள் துறைத் தலைவர் ஜோஷி மேடம், ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். தன் கழுத்துச் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டார்.

தீபாவளிக்கு என்னை ஔந்தில் ஒரு தமிழ்க் குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டது. வங்கி அதிகாரி சங்கரன், திருநெல்வேலிக்காரர். மனைவி செண்பகம். ஒரே மகள் காவ்யா, பத்தாவது. மண்டபத்துக்கு மூட்டை கொண்டுவந்தபோது என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க யாழ்ப்பாணமா?" என்று செண்பகம் கேட்டதில் தொடங்கிய பழக்கம்.

"இல்ல, மட்டக்களப்பு" என்றேன்.

"எல்லாம் ஒரே கடல்தான. ஞாயித்துக்கிழம வாங்க. சோறு வடிச்சுப் போடுதேன்."

இலை போட்டு உட்கார்ந்ததும் கீழே யாரோ சரவெடி கொளுத்தினார்கள். நான் என்னை அறியாமல் இலையின் மேல் குப்புறக் கவிழ்ந்துவிட்டேன். சாம்பார் சட்டையெல்லாம். காவ்யா சிரித்துவிட்டாள். செண்பகம் அவளை ஒரு அதட்டுப் போட்டார்: "சிரிக்காதட்டி. அவங்க ஊர்ல குண்டுச் சத்தம்லா. போ, கிட்கியச் சாத்து." காவ்யா ஜன்னலைச் சாத்திவிட்டு அருகில் வந்து, "சாரி அங்கிள். உங்க தமிழ்... டிவி நியூஸ் மாதிரி இருக்கு. பாதிதான் சமஜ் ஆகுது, மீதி புரியல" என்றாள். அந்த வீட்டில் நான் ஐந்து தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அரிசியும் தார்ப்பாயும் மருந்தும் சரக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தன. துணி இனி வேண்டாம், அங்கே மலையாகக் குவிந்துவிட்டது என்று தகவல் வந்தது. விடுமுறை முடிந்து மற்ற மாணவர்களும் திரும்பினார்கள். பூப்பந்துப் போட்டிக்கு மண்டபம் தேவைப்பட்டது. மிச்சத் துணி மூட்டைகளை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடையில் அடுக்கினோம். அவற்றின் மேல் உட்கார்ந்து மாணவர்கள் தேர்வுக்குப் படித்தார்கள்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் காலை பிஜய் திரும்பி வந்தான். பின்னால் ஒரு சிறுமி. பதின்மூன்று வயது இருக்கும். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் காய்ந்த சிராய்ப்பு.

"என் தங்கச்சி. துனி" என்றான். "நாங்க ரெண்டு பேர்தான்."

அதிகம் சொல்லவில்லை. கடல் உள்ளே வந்தபோது அப்பா இவளை ஒரு மரத்தில் ஏற்றி வேட்டியால் கட்டியிருக்கிறார். பிறகு அம்மாவைத் தேடி இறங்கியிருக்கிறார். துனி மறுநாள் வரை அந்த மரத்தில் இருந்தாள். வீடு இல்லை, வயல் இல்லை, அவள் படித்த பள்ளிக்கூடமும் இல்லை. முகாமில் தனியாக விட்டுவர மனமில்லாமல் அண்ணன் கையோடு கூட்டி வந்துவிட்டான்.

அஸ்வினி நடையிலிருந்த மூட்டை ஒன்றை அவிழ்த்து, ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துத் துனிக்கு மாட்டிவிட்டாள். புனேயில் குளிர் தொடங்கியிருந்தது. மேடம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்தார். வருகிறவர்கள் எல்லாம் அவள் தலையைத் தடவினார்கள். மாலையானதும் ஒரு கேள்வி வந்தது. இவள் எங்கே படுப்பாள்?

ஆண்கள் விடுதியில் பெண்ணுக்கு இடமில்லை. பெண்கள் விடுதியில், பதிவு செய்த மாணவிகளுக்கு மட்டும்தான் இடம். விருந்தாளி என்றால் மூன்று இரவு. அஸ்வினி தன் விருந்தாளியாக எழுதிக்கொடுத்து அழைத்துப் போனாள். மூன்று இரவு முடிந்ததும் அடுத்த அறைப் பெண் தன் விருந்தாளி என்று எழுதினாள். பிறகு அதற்கடுத்த அறை. இப்படித் துனி தன் ஸ்வெட்டரும் ஒரு பையுமாக அந்த மாடி முழுக்க அறை அறையாகக் குடிமாறிக்கொண்டிருந்தாள். வார்டன் அம்மாவுக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தார். மாடி முடிந்தபோது அவரே அஸ்வினியைக் கூப்பிட்டு, "நானும் வேலையில நீடிக்கணும் இல்லையா" என்றாராம்.

பகலில் துனி ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பாள். அண்ணனின் மேசையடியில், அப்பாவின் வயல் மண் போத்தல்களுக்குப் பக்கத்தில். எனக்கு ஒரியா தெரியாது, அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. நான் கருவியில் எண் பார்த்து உரக்கச் சொல்வேன், அவள் கரும்பலகையில் எழுதுவாள். ஆங்கில எண்கள் தெரிந்திருந்தன. எழுத்து அச்சுப்போல. ஒருநாள் நான் தப்பாகக் கூட்டியதைத் தலையை ஆட்டிக் காட்டித் திருத்தினாள். படிக்கவேண்டிய பிள்ளை.

மட்டக்களப்பையும் ஒரு சூறாவளி அடித்திருக்கிறது. எழுபத்தெட்டில். எனக்கு அப்போது துனியைவிட ஒரு வயது கூட. கூரை போனது, அப்பா போனார். அம்மா தம்பிமாரோடு சித்தியிடம் போக, என்னைப் பட்டணத்தில் பாக்கியம் டீச்சர் என்று ஒருவர் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். எங்களுக்குச் சொந்தமில்லை, சாதிகூட வேறு. "இங்கயே நில்லு மனே. இருக்கிறதத் திம்பம்" என்றார். ஏழு வருஷம் நின்றேன். அந்த வீட்டு விறாந்தையில் படித்துத்தான் பல்கலைக்கழகம் போனேன். அதனால் துனிக்கும் ஒரு வீடு கிடைத்துவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை மூட்டை சுமந்த ஊர் இது.

அந்த நாட்களிலேயே பிஜய் வாடகை அறை தேடினான். நானும் கூடவே போனேன். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் மட்டும் நேரடியாகவே கேட்டார்: "தங்கச்சின்னு நீ சொல்றே. எப்படி நம்பறது?" பிஜய் சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான், ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. பள்ளிக்கூடத்தில் பழைய பள்ளியின் சான்றிதழ் கேட்டார்கள். பள்ளியே கடலில் போய்விட்டது என்றான். "அப்போ மாவட்ட ஆபீஸிலிருந்து வாங்கிட்டு வாங்க" என்றார்கள். ஜோஷி மேடம் பல்கலைக்கழக மேலிடத்துக்குப் போய் விடுதி இடத்துக்காகப் பேசினார். அனுதாபத்தோடு பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். மேடத்தின் வீட்டில் படுத்த படுக்கையாக அவருடைய கணவர் இருந்தார். அதை அவர் யாரிடமும் காரணமாகச் சொல்லவில்லை.

நான் செண்பகத்திடம் போய்க் கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு ஒரு புள்ளய வெச்சிருக்க ஏலுமா?"

அவர் யோசிக்கவே இல்லை. "கூட்டிட்டு வாங்க. காவ்யா ரூம்ல படுக்கட்டும்."

துனி அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் பேசத் தொடங்கினாள். காவ்யா ஹிந்தி சொல்லிக்கொடுத்தாள். செண்பகம் அவளுக்குத் தலை பின்னிவிட்டார், காலுக்கு மஞ்சள் வைத்தார், மீன் வாங்காத வீட்டில் அவளுக்காக மீன் வாங்கினார். நான் போயிருந்த ஒருநாள் துனி, "சோறு போடவா?" என்று தமிழில் கேட்டாள். செண்பகத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இரண்டு வாரம் போயிருக்கும். சங்கரன் என்னைக் கீழே தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காவ்யாவுக்கு மார்ச்ல போர்டு எக்ஸாம். ராத்திரி அந்தப் புள்ள தூக்கத்துல கத்துது. இவ பயந்து முழிச்சுக்கிடுதா. ஒரு வாரம்னா ஒண்ணும் இல்ல சார். ஒரு வருஷமா, ரெண்டு வருஷமான்னு யாராவது சொன்னாப் பரவால்ல. யாரும் சொல்ல மாட்டேங்காங்களே."

சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. எனக்கும் ஊருக்குத் திரும்பப் பத்து நாள்தான் இருந்தது. போர் நடக்கும் ஊருக்கு அவளை நான் கூட்டிப்போகவா முடியும்?

சூரத்தில் நெசவாலையில் வேலை பார்க்கும் தாய்மாமன் ஒருவர் இருப்பதாக பிஜய் சொன்னான். மாமி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு அறைதான், ஆறு பேர். துனியைத் தனியாக அங்கே விடமாட்டேன், கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்றான். "தீசிஸ்?" என்று மேடம் கேட்டார். "வந்து எழுதறேன் மேடம்." மேடம் தலையாட்டினார். இருவருமே ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்கு அந்த மாடிப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம். அஸ்வினி அழுதுகொண்டே போர்ட்டரோடு சண்டை போட்டாள். செண்பகம் வரவில்லை. காவ்யா மட்டும் ஒரு டிபன் டப்பாவோடு வந்து, "அம்மா அழுதுட்டே இருக்கா அங்கிள். அப்பாகிட்ட பேசல" என்றாள். துனி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இடம் மாறுவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

வண்டி நகரும்போது பிஜய் கத்தினான்: "சார், உங்க வயல்ல உப்பு எவ்வளவுன்னு அளந்து எனக்கு எழுதுங்க!"

அளந்தேன். எழுதினேன். துறை முகவரிக்குத்தான் எழுதத் தெரிந்தது. பதில் மேடத்திடமிருந்து, ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்தது. பிஜய் வரவில்லை, அவன் மேசையை ஒரு வருஷம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன், இப்போது கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். "அன்றைக்கே நான் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தால் போதும். படுக்கையில் கிடந்தவருக்கும் பேச்சுத்துணையாக இருந்திருக்கும். ஏன் தோன்றவில்லை என்றே தெரியவில்லை." அவர் கணவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

ஒரிசாச் சூறாவளிக்கு ஐந்து வருஷம் கழித்து, சுனாமியாகக் கடல் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வளாகத்தின் விரிவுரை மண்டபங்களில் சனங்கள் படுத்திருந்தார்கள். மாணவர்கள் மூட்டை சுமந்தார்கள், கஞ்சி காய்ச்சினார்கள். என்ன நடக்கும், எதுவரை நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சுறுசுறுப்பைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

அஸ்வினி எங்கிருந்தோ என் மின்னஞ்சலைத் தேடிப்பிடித்து விசாரித்தாள். தொலைபேசி எண் கேட்டாள், கொடுத்தேன். அடுத்த நாள் பகல், துறை அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு.

"சார், நான் பிஜய். சூரத்திலிருந்து. அஸ்வினிகிட்ட நம்பர் வாங்கினேன்."

சாயப் பட்டறையில் நிறம் பரிசோதிக்கும் வேலை என்றான். உப்புத்தான் அங்கேயும், சாயத்தில் போடுகிற உப்பு என்று சொல்லிச் சிரித்தான். என் வீடு, பிள்ளைகள் எல்லாரும் பத்திரமா என்று கேட்டான். பத்திரம் என்றேன். துனி பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்டேன். "இல்ல சார். சேலையில கல்லு ஒட்டற வேலை. கை ரொம்ப சுத்தம்." பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ அவசரமாகச் சொன்னது. "இருங்க, துனிதான் உங்களுக்கு போன் பண்ணச் சொன்னா. அவ கேக்கிறா... அங்க யாரும் இல்லாத பொண்ணு யாராவது இருக்காளா? இருந்தா இங்க அனுப்பச் சொல்றா. மாமிகிட்ட கேட்டுட்டாளாம். அவ பக்கத்துலயே படுத்துக்கலாமாம்."

இடையில் கடல் இருக்கிறது, இரண்டு அரசாங்கங்கள் இருக்கின்றன என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

"இங்க எல்லாருக்கும் ஆக்கள் இருக்கிறாங்க எண்டு சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்ல நினைத்துத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அது பொய். ஜன்னலுக்கு வெளியே, யாரும் கூப்பிட்டுப்போக வராத பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கோப்பையோடு கஞ்சிக்கு நின்றார்கள்.

பிஜய் அவளிடம் ஒரியாவில் சொன்னான். அவள் திரும்ப ஏதோ சொன்னாள்.

"அப்போ சரிங்கறா சார். ஆனாலும் சொல்லி வைக்கச் சொல்றா. இங்க ஒரு ஆளுக்கு இடம் இருக்கு."

யாரிடம் சொல்வது என்று தெரியாமலே, சொல்கிறேன் என்றேன்.